வீட்டு லேத்துக்கு முதல் செலவு கேம் (CAM) மென்பொருள் அல்ல

பழைய லேத்தை, அதாவது கடைசல் இயந்திரத்தை, கணினியில் ஓட்டுவதற்காக அதில் பால் ஸ்க்ரூவும் ஸ்டெப்பர் மோட்டாரும் மாட்டி முடித்த கையோடு பலரும் கேட்பது, "குறைந்த விலையில் நல்ல கேம் மென்பொருள் எது?" என்றுதான். வரைபடத்திலிருந்து இயந்திரத்துக்கான கட்டளைகளை (ஜி-கோடு) எழுதித் தருவதுதான் கேம். இப்போதைக்கு எதுவும் வேண்டாம் என்பேன். அந்தக் காசில் ஸ்பிண்டிலுக்கு (பொருளைச் சுழற்றும் தண்டு) ஒரு என்கோடர், அதாவது அதன் கோணத்தைச் சொல்லும் கருவி, வாங்குங்கள்.

மில்லிங் வேறு, கடைசல் வேறு. லேத்தில் எக்ஸ், இசட் என்று இரண்டே அச்சு. வீட்டில் நாம் கடைவது பெரும்பாலும் புஷ், படி வைத்த தண்டு, மரை. லேத்தை ஓட்டும் லினக்ஸ்சிஎன்சி மென்பொருள் இலவசம். அதன் 2.9 பதிப்பில் ஜி71 என்ற கட்டளை இருக்கிறது: ஜாப்பின் (கடையும் பொருளின்) வெளிக்கோட்டை மட்டும் எழுதிக் கொடுத்தால் ரஃபிங் (முதல்கட்ட முரட்டு வெட்டு) முழுவதையும் அதுவே பிரித்து வெட்டும். மரைக்கு ஜி76, ஒரே வரி. 1.5 மி.மீ. பிட்ச் (மரை இடைவெளி) என்றால் பி1.5 என்று கொடுத்து, ஆழத்தையும் நீளத்தையும் சொன்னால் போதும். ஆனால் ஒவ்வொரு முறை வெட்டும்போதும் டூல் அதே பள்ளத்தில் இறங்க வேண்டுமே! ஸ்பிண்டில் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று தெரியாமல் அது நடக்காது. அதற்குத்தான் என்கோடர். மலிவு என்று சாதாரண ஜிஆர்பிஎல் கன்ட்ரோலர் போர்டு வாங்கினால் இந்த வசதியே கிடையாது. எவ்வளவு விலை உயர்ந்த கேம் வைத்திருந்தாலும் மரை வராது.

சரி, கேம் எப்போது வேண்டும்? உருண்டைக் கைப்பிடி, வளைவு, சரிவு வரும்போது. இன்செர்ட் (மாற்றக்கூடிய வெட்டுத்துண்டு) முனையின் 0.4 மி.மீ. ஆரம் நேர்க்கடைசலில் தொந்தரவு தராது, வளைவில் அளவைக் கெடுத்துவிடும். முனை ஆரத்தை ஈடுசெய்யும் ஜி41, ஜி42 போட்டுச் சமாளிக்கலாம். கேம் இருந்தால் சுலபம். ஃப்யூஷன் என்ற கேம் மென்பொருளின் தனிநபர் இலவச உரிமத்திலேயே டர்னிங் (கடைசல்) உண்டு. 2020 முதல் அதில் வெட்டாத நேரத்து வேக நகர்வு கிடையாது, ஒவ்வொரு டூலுக்கும் தனித்தனியாக ஜி-கோடு எடுக்க வேண்டும். கையால் டூல் மாற்றும் லேத்துக்கு இது பெரிய குறையே இல்லை. ஆனால் அந்த உரிமம் பொழுதுபோக்குக்கு மட்டும், அதில் வரும் வருட வருமானம் 1,000 டாலருக்குள் இருக்க வேண்டும். காசுக்கு வேலை எடுத்துச் செய்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

அப்புறம் ஒன்று. என் முதல் கேம் புரோகிராம் காற்றில்தான் ஓடியது. போஸ்ட் ப்ராசஸர் (கேம் போட்ட பாதையை ஜி-கோடாக மாற்றும் பகுதி) எக்ஸை விட்டமாகக் கொடுத்தது, என் கன்ட்ரோலர் அதை ஆரமாக எடுத்துக்கொண்டது. 20 மி.மீ. விட்டத் தண்டுக்கு டூல் 40 மி.மீ. விட்டத்தில் நின்றது. இதுவே தலைகீழாக நடந்திருந்தால் டூல் ஜாப்புக்குள் புகுந்திருக்கும். தொடக்க வரியில், எக்ஸை விட்டமாக எடுக்கச் சொல்லும் ஜி7 இருக்கிறதா என்று பார்த்த பிறகே இப்போது ஸ்டார்ட் அழுத்துகிறேன்.