கடன் வாங்கி ஷூ வாங்க வேண்டாம் தம்பி

வட சென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் எந்த கிரவுண்டுக்குப் போனாலும் போலீஸ் வேலைக்காக ஓடுகிற தம்பிகளைப் பார்க்கலாம். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். எழுத்துத் தேர்வு முடிகிற வரை உட்கார்ந்தே படித்துவிட்டு, அப்புறம் ஒரேயடியாக ஓடுகிறார்கள். கொஞ்ச நாளில் முழங்காலுக்குக் கீழே இருக்கிற முன்னங்கால் எலும்பை வலியில் தேய்த்துவிட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். உடனே யாராவது, "உனக்குத் தட்டைப் பாதம்டா, நல்ல ஷூ வாங்கு" என்பார்கள். அம்மாவின் கம்மல் அடகுக்குப் போகும். வயிறு எரிகிறது.

பாதத்தின் வளைவைப் பார்த்து ஷூ கொடுத்தால் காயம் குறையுமா என்று அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் படை மூன்றிலுமே சோதித்துவிட்டார்கள். புதிதாகப் பயிற்சிக்கு வந்தவர்களில் ஒரு பிரிவுக்குப் பாதத்துக்கேற்ற ஷூ, இன்னொரு பிரிவில் எல்லோருக்கும் ஒரே வகை ஷூ. காயத்தில் சொல்லும்படி வித்தியாசமே இல்லை. அவர்களும் நம் பிள்ளைகளைப் போல வேலைக்காக ஓடியவர்கள்தான்.

அதற்காக ஷூ ஒன்றும் செய்யாது என்று சொல்ல மாட்டேன். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. அது எங்கே அதிகம் போகும் என்பதை ஷூ மாற்றும். குதிகால் பக்கம் 10, 12 மில்லிமீட்டர் தூக்கலாக இருக்கிற ஷூவில் பலரும் குதிகாலைத்தான் முதலில் ஊன்றுவார்கள். முழங்காலுக்கு வேலை கூடும். தட்டையான மெல்லிய ஷூவில் அதே பாரம் கெண்டைக்காலுக்கும் அதைக் குதிகாலோடு இணைக்கிற தசைநாணுக்கும் போகும். வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை ஊன்றுகிறார்கள், மோதல் அதிர்வு குறைகிறது என்று 2010-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் டேனியல் லீபர்மேன் குழு எழுதியதும் பலர் மெல்லிய ஷூவுக்குத் தாவினார்கள். பழக்கமில்லாமல் மாறியவர்களில் சிலருக்குப் பாத எலும்புக்குள்ளேயே வீக்கம் வந்ததைப் பின்னால் ஸ்கேனில் பார்த்தார்கள்.

ஷூவின் அடியில் இருக்கிற மெத்தை விஷயத்தில் மட்டும் ஒரு நல்ல சான்று இருக்கிறது. லக்சம்பர்க்கில் 800 பேருக்கு மேல் வைத்து நடத்திய ஆய்வு 2020-ல் வந்தது. பார்க்க ஒரே மாதிரியான இரண்டு ஷூக்களில், கடினமான அடிப்பாகம் போட்டவர்களுக்குத்தான் காயம் அதிகம். ஆகவே அடி தேய்ந்து கல்லாகிப்போனதை மாற்றுங்கள், போட்டு நடந்து பார்த்துக் காலுக்குச் சுகமாக இருப்பதை எடுங்கள். விலை கூடினதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

முக்கியமாக, தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். முன்னங்கால் எலும்பில் ஒரே ஒரு இடத்தில் விரல் வைத்தாலே உயிர் போகிறதென்றால் எலும்பில் கீறல் இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் எலும்பு டாக்டரைப் பாருங்கள்.