கால்பந்து வீரர் ஸ்டான்லி மேத்யூஸ் 83 சர்வதேசப் போட்டிகளில் ஆடினாரா?

'ஸ்டான்லி மேத்யூஸ் இங்கிலாந்துக்காக அதிகாரபூர்வமாக 83 போட்டிகளில் ஆடினார்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு. சரியான எண்ணிக்கை 54. இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் வீரர் பட்டியலிலேயே பார்க்கலாம்.

மீதி 29 போட்டிகளும் பொய்யல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலும் அதையொட்டிய வெற்றிக் கொண்டாட்டத்திலும் நடந்தவை அவை. அதிகாரபூர்வக் கணக்கில் சேரவில்லை. அப்போது அவர் விமானப்படையில் இருந்தார். இருபத்துநான்கு வயதில் போர் தொடங்கி, ஓர் ஆட்டக்காரரின் நல்ல ஆண்டுகளை அப்படியே விழுங்கிவிட்டது. அப்படியும் 1957 வரை, 42 வயதிலும், நாட்டுக்காக ஆடினார். அந்த 54-ஐ எதற்காக ஊதிப் பெருக்க வேண்டும்? அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் இதைச் சொல்லுங்கள்.