தப்பிச்சு வந்த போதகருக்கும் மரியாதை உண்டு

நம்ம சர்ச்சுங்கள்ல ஒரு பழக்கம் இருக்கு. விசுவாசத்துக்காக உயிரை விட்ட ஊழியக்காரர்னா அவருக்கு நாள் வச்சு நினைச்சுக்கிறோம், படம் மாட்டுறோம், சண்டே ஸ்கூல் பிள்ளைங்களுக்குக் கதையா சொல்றோம். அதே ஊழியக்காரர் அடி வாங்கி, ஜெயில்ல கிடந்து, பொண்டாட்டி பிள்ளைங்களோட எல்லை தாண்டி உயிரோட வந்து சேர்ந்துட்டாருன்னா அகதின்னு ஒரு லிஸ்ட்ல சேர்த்துட்டு மறந்துடுறோம். செத்திருந்தா மரியாதை, பொழைச்சிட்டா பரிதாபம். எனக்கு இது கொஞ்சமும் சரியாப் படல.

அப்படித் தப்பி வந்த ஒரு பாஸ்டரைப் பத்தி "மந்தையை விட்டுட்டு ஓடி வந்தவர்தானே"ன்னு ஒரு பெரியவரே என் காதுபடச் சொன்னாரு. மனசு ரொம்ப வலிச்சுது. பவுல் அப்போஸ்தலனை தமஸ்கு மதில்ல இருந்து ராத்திரியோட ராத்திரியா கூடையில வச்சு இறக்கி விட்டாங்களே, அப்ப அவரும் ஓடிப்போனவர்தானா? ஒரு ஊர்ல துன்பப்படுத்தினா அடுத்த ஊருக்குப் போங்கன்னு சொன்னதே ஆண்டவர்தானே.

நான் பினாங்குல பிறந்து வளர்ந்தவன், இப்ப கேஎல்ல (கோலாலம்பூர்ல) இருக்கேன். பினாங்கு சபை வரலாறு தெரிஞ்சவங்க இப்படிப் பேசவே மாட்டாங்க. 1775-ல சயாம்ல, அதாவது இன்னைக்கு தாய்லாந்து, தக்சின் ராஜா காலத்துல, கோயில்ல சத்தியத் தண்ணி குடிச்சு விசுவாசப் பிரமாணம் எடுக்கணும்னு உத்தரவு. கிறிஸ்தவ அதிகாரிங்க சிலர் அதைக் குடிக்க மாட்டோம்னுட்டு சர்ச்சுல போய் பிஷப் முன்னாடி சத்தியம் பண்ணினாங்க. அதுக்காக பிஷப் லெ போனையும் அவரோட இருந்த ஃபாதர் கார்னோ, ஃபாதர் கூதே ரெண்டு பேரையும் பிடிச்சு சவுக்கால அடிச்சு சங்கிலி போட்டு உள்ள தள்ளினாங்க, அப்புறம் வெளிய விட்டாலும் 1779-ல நாட்டை விட்டே துரத்திட்டாங்க. பிஷப் அடுத்த வருஷமே கோவாவுல இறந்து போனாரு. கார்னோ என்ன பண்ணினாரு? சயாம்ல இருந்து தப்பி வந்த கிறிஸ்தவ குடும்பங்க பினாங்குக்கு எதிர்க்கரையில இருக்குற கெடாவுல இருந்தாங்க, அவங்களோட சேர்ந்துக்கிட்டாரு. 1786-ல பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவுல கொடி ஏத்தினப்ப அந்த ஜனங்களைக் கூட்டிக்கிட்டு அங்க போய் சபை ஆரம்பிச்சாரு. ஃபார்குவார் ஸ்ட்ரீட்ல இன்னைக்கும் நிக்கிற அசம்ப்ஷன் சர்ச்சோட ஆரம்பம் அதுதான். அதாவது அந்த சபையை நட்டவரு முதுகுல சவுக்குத் தழும்போட நாடு கடத்தப்பட்ட ஒரு அகதி சாமியார்.

காலேஜ் ஜெனரல் கதையும் அப்படித்தான், அதுல நம்ம தமிழ் மண்ணுக்கும் பங்கு உண்டு. 1665-ல சயாமோட அப்போதைய தலைநகர் அயுத்தயாவுல சாமியார் ஆகப் படிக்கிறவங்களுக்காகத் தொடங்கின குருமடம் அது. பர்மா படையெடுப்பு வந்ததும் இன்னைக்கு வியட்நாம்ல இருக்குற ஹோன் தாத்துக்கு ஓடினாங்க, அங்க கொள்ளைக்காரங்க புகுந்து மாணவங்களையே வெட்டிப் போட்டாங்க. மிச்சம் இருந்தவங்களுக்கு 1770-ல இடம் கொடுத்தது பாண்டிச்சேரி பக்கத்துல இருக்குற வீராம்பட்டினம். நம்ம மீனவ கிராமம்! அந்தக் குருமடம் அப்புறம் மூடிப்போயி, மறுபடியும் 1808-ல பினாங்குல திறந்தாங்க. சீனாவுலயும் வியட்நாம்லயும் வேதம் படிக்கவே முடியாத காலத்துல அங்கத்துப் பையங்க பினாங்கு பூலாவ் திக்குஸ்ல உக்காந்து படிச்சாங்க. அங்க பாடம் நடத்தின பிரெஞ்சு சாமியாருங்க இம்பெர், சாஸ்தான் ரெண்டு பேரும் 1839 செப்டம்பர்ல கொரியாவுல தலை வெட்டப்பட்டாங்க, அங்க படிச்ச வியட்நாம் குரு பிலிப் மின் 1853-ல வெட்டப்பட்டாரு, இன்னைக்கு மூணு பேரும் புனிதர்கள். அன்னைக்கு யாரோ சில பேர் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடலைன்னா இந்தப் புனிதர்களுக்குப் படிக்கவும் பாடம் சொல்லவும் ஒரு இடமே இருந்திருக்காது.

இதெல்லாம் பழைய கதைன்னு நினைக்காதீங்க. மியன்மார்ல கிறிஸ்தவங்க அதிகமா இருக்குற சின் மலையில மிலிட்டரி எத்தனையோ வருஷமா மலை உச்சியில இருந்த சிலுவைங்களை இடிச்சாங்க, சில இடத்துல அந்த ஜனங்களையே கட்டாய வேலை வாங்கி அங்க பகோடா கட்ட வச்சாங்க. 2021 செப்டம்பர்ல தந்த்லாங் ஊர்ல வீடுங்க எரிஞ்சப்ப தீயணைக்க ஓடின பாஸ்டர் சுங் பியாக் ஹும் சுட்டுக் கொல்லப்பட்டாரு, விரலை வெட்டி கல்யாண மோதிரத்தை எடுத்துக்கிட்டாங்க. கச்சின் பாப்டிஸ்ட் தலைவர் ஹ்கலாம் சாம்சனை 2022 கடைசியில பிடிச்சாங்க, 2024 ஏப்ரல்ல விட்டு சில மணி நேரத்துலயே மறுபடி கூட்டிட்டுப் போனாங்க, ஜூலையிலதான் விட்டாங்க. அங்க இருந்து தப்பிச்சவங்கள்ல நிறைய பேரு கேஎல்ல புடு, இம்பி பக்கம் நம்ம கூடவே இருக்காங்க.

எனக்குத் தெரிஞ்ச ஒரு சின் பாஸ்டர் ராத்திரி ரெஸ்டாரண்ட்ல தட்டு கழுவுறாரு. ஞாயித்துக்கிழமை ஒரு ஷாப்லாட் (கடை வரிசைக் கட்டடம்) மாடியில ஆராதனை. நடுவுல யாரையாவது பிடிச்சுட்டா லாக்கப்புக்கு ஓடணும், பிரசவ வார்டுல மொழிபெயர்க்கணும், அடக்கத்துக்குக் காசு திரட்டணும். மலேசியா 1951 அகதிகள் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடல, அதனால அகதின்னு யு.என் கொடுக்குற கார்டு இருந்தாலும் சட்டப்படி வேலை செய்ய முடியாது, பிள்ளைங்க அரசாங்க ஸ்கூலுக்குப் போக முடியாது. 2018-ல ஐ.நா. அகதிகள் அமைப்பான யு.என்.எச்.சி.ஆர் சின் மக்களுக்கு அகதி அந்தஸ்தே இனி தேவையில்லைன்னு அறிவிச்சுது, அடுத்த வருஷம் மார்ச்சுலதான் அதை வாபஸ் வாங்கினாங்க. அமெரிக்கா போகலாம்னு வருஷக்கணக்கா காத்திருந்தவங்களுக்கு 2025 ஜனவரியில அந்தக் கதவும் மூடிப்போச்சு. இத்தனைக்கும் நடுவுல அவர் பிரசங்கம் பண்றதை நிறுத்தல. மந்தையை விட்டுட்டு வந்தாருன்னு சொன்னீங்களே ஐயா, மந்தை இங்கதானே இருக்கு, அவரும் இங்கதானே இருக்காரு.

எல்லாரும் மதத்துக்காகத்தான் வந்தாங்கன்னு நான் சொல்ல வரல. சண்டை, பசி, வேலை இல்லாத கொடுமை எல்லாம் கலந்துதான் இருக்கு. ஆனா போதகர்னு தெரிஞ்சே குறி வைக்கப்பட்டவரை மத்த கணக்கோட சேர்த்துக் கரைச்சுடக் கூடாது.

அரிசி மூட்டை, மைலோ பாக்கெட் கொடுக்குறோம், நல்லதுதான், அதை நிறுத்த வேணாம். ஆனா இந்தியாவுல இருந்து கன்வென்ஷனுக்கு வர்ற பிரசங்கியாருக்கு ஏர்போர்ட்லயே மாலை போட்டு ஹோட்டல் எடுத்துக் கொடுத்து கவர்ல காணிக்கையும் வச்சு அனுப்புறோம்ல, அதே மரியாதையோட இவங்களையும் நம்ம பிரசங்க மேடையில நிறுத்தணும். சாட்சி சொல்ல அஞ்சு நிமிஷம் கொடுக்குறது போதாது, முழு செய்தியும் அவர் கொடுக்கட்டும், அதே கவரும் கொடுங்க. அவர் முகத்தை மட்டும் லைவ்ல காட்டாதீங்க, ஊர்ல இன்னும் சொந்தக்காரங்க இருக்காங்க.

எங்க சபை கமிட்டியில இதைக் கேட்டிருக்கேன், இன்னும் முடிவு ஆகல. கிள்ளான் வேலி பக்கம் உங்க சபையில இதைச் செய்ய முடியும்னா, இல்ல சின் மக்கள் பேசுற ஹாகா மொழியோ பர்மிய மொழியோ தெரிஞ்சு மலாய்லயாவது மொழிபெயர்க்க ஆள் கிடைச்சா இன்பாக்ஸ்ல சொல்லுங்க. போன் நம்பர் எதையும் கமெண்ட்ல போடாதீங்க.