நடக்கிறவர்கள் நம்மைத் தாண்டிப் போகட்டும்

அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவன் முதல் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டான். இன்னும் 20 வாரம் இருக்கிறது. "அண்ணே, நீங்க ஓடியிருக்கீங்கல்ல, நான் சரியா போறேனான்னு பாருங்க" என்று போனில் ஓட்டக் கணக்கு வைக்கிற செயலியைத் திறந்து நீட்டினான். இரண்டு வாரத்தில் எட்டு ஓட்டம். எட்டும் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 40 விநாடி, 5:45, 5:38 என்று ஒரே மாதிரி. இதயத்துடிப்புக் கோடு எட்டிலும் சிவப்பு, அதாவது உச்சத்தில். கீழே நண்பர்கள் போட்ட கைதட்டல், நெருப்பு, புஜம் எல்லாம் வரிசையாக. பார்த்ததும் என் வலது காலில், முழங்காலுக்குக் கீழே எலும்போரமாக, பழைய வலி ஒன்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

ஏனென்றால் மூன்று வருடத்துக்கு முன்னால் நான் செய்ததும் இதேதான். 38 வயதில் திடீரென்று ஞானம் வந்து ஓட ஆரம்பித்தேன். தினமும் முந்தைய நாளைவிட ஐந்து விநாடியாவது குறைய வேண்டும், குறையாவிட்டால் அன்றைக்கு ஓடியதே கணக்கில் இல்லை. ஆறு வாரம் அப்படிப் போனது, ஏழாவது வாரம் காலை படுக்கையிலிருந்து காலைத் தரையில் வைத்தபோது முன்னெலும்பில் யாரோ கம்பியால் இழுத்த மாதிரி இருந்தது. ஷின் ஸ்பிளின்ட், அதாவது அதிகம் ஓடுவதால் முன்னெலும்போரம் வருகிற வலி என்றார் பிசியோதெரபிஸ்ட். விரலால் எலும்பின் உள்விளிம்பில் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வந்தார், ஒரு சாண் நீளத்துக்கு எங்கே தொட்டாலும் உயிர் போனது. "இன்னும் ரெண்டு வாரம் இப்படியே ஓடியிருந்தா எலும்பே விரிசல் விட்டிருக்கும்" என்றார். பிறகு அவர் சொன்ன ஒரு விஷயம்தான் இந்தப் பதிவுக்கே காரணம். மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே பழகிவிடும், ஆனால் எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கில் ஆகும். அதாவது "இப்பதான் நல்லா வருதே, இன்னும் கொஞ்சம் விரட்டலாம்" என்று தோன்றுகிற அந்த ஐந்தாவது, ஆறாவது வாரம்தான் கால் இன்னும் தயாராகாத நேரம். அந்த வருட மாரத்தான் அன்றைக்கு நான் வீட்டில் காலில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதல் மாரத்தானுக்குத் தயாராவது என்றால் பெரும்பாலும் மெதுவாக ஓடக் கற்றுக்கொள்வதுதான் என்பது என் கட்சி. கேட்க அல்வா சாப்பிடுகிற மாதிரி இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும், மெதுவாக ஓடுவது எவ்வளவு அவமானமான வேலை என்று.

அளவு ரொம்ப எளிது. ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், நடுவில் மூச்சு வாங்காமல். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தினால் வேகம் அதிகம். நான் தங்கைக்கு போன் போட்டுப் பேசிக்கொண்டே ஓடுவேன். "என்னண்ணா, மாடிப்படி ஏறுறியா?" என்று அவள் கேட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம். எந்த வாட்சும் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை. 5 கிலோமீட்டரை உயிரைக் கொடுத்து 29 நிமிடத்தில் ஓடுகிற எனக்கு, பேசிக்கொண்டே ஓடுகிற வேகம் என்று வந்தது கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 30 விநாடி. சில நாள் 7:50.

அதைவிடவும் மெதுவாக ஓடிப் பழகிய முதல் வாரம், நடைப்பயிற்சிக்கு வரும் ஒரு அம்மா, அறுபது வயதுக்கு மேல் இருக்கும், கையை வீசி வீசி நடந்தே என்னைத் தாண்டிப் போனார். போனவர் திரும்பிப் பார்த்து, "கால்ல அடிபட்டிருக்கா தம்பி?" என்றார், உண்மையான அக்கறையோடு. இல்லைம்மா, பயிற்சி என்றேன். "அப்படியா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த "அப்படியா"வைத் தாங்குகிற மனசுதான் ஐயா வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

"வேகமா ஓடாம எப்படிண்ணே வேகம் வரும்?" என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் முதல் மாரத்தானில் வேகம் யாருக்கு வேண்டும்? 42 கிலோமீட்டரும் காலில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். மெதுவாக நிறைய நேரம் ஓடும்போது தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கூடுகின்றன, செல்லுக்குள் சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது, கொழுப்பை எரித்து ஓட உடம்பு பழகுகிறது. இதெல்லாம் சத்தமில்லாமல் நடக்கிற வேலை, செயலியில் ஒரு கோடாகக்கூடத் தெரியாது. நார்வேயில் பணியாற்றும் ஸ்டீபன் சீலர் என்ற உடலியல் ஆய்வாளர், உலகத்தரமான நெடுந்தூர வீரர்கள் எப்படிப் பயிற்சி எடுக்கிறார்கள் என்று பல விளையாட்டுகளில் பார்த்தார். சுமார் 80 சதவீதப் பயிற்சி லேசான வேகத்தில்தான் இருந்தது. கென்ய வீரர் எலியுட் கிப்சோகே 2019இல் வியன்னாவில் 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் மாரத்தான் தூரத்தை ஓடிக் காட்டினார், சிறப்பு ஏற்பாடு என்பதால் அது அதிகாரப்பூர்வ சாதனை ஆகவில்லை, அது வேறு விஷயம். கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 50 விநாடி! அந்த ரகத்து ஆட்களே வாரத்தில் பெரும்பகுதி தங்கள் கணக்குக்கு மெதுவாகத்தான் ஓடுகிறார்கள். நாம் மட்டும்தான் தினமும் பந்தயம் ஓடுகிறோம். எதிரில் யாருமே இல்லாத பந்தயம்.

இந்த 42 கிலோமீட்டர் தூரத்துக்குக் காரணம் தேடினால் அதுவும் வேடிக்கை. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இது சுமார் 40 கிலோமீட்டர்தான். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் அரண்மனையில் தொடங்கி மைதானத்தில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடித்தார்கள், அளந்தால் 42.195 கிலோமீட்டர். 1921இல் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். அந்த 1908 ஓட்டத்தில்தான் இத்தாலியின் டொராண்டோ பியெட்ரி முதல் ஆளாக மைதானத்துக்குள் வந்து, திசை தெரியாமல் தடுமாறி, பலமுறை விழுந்து, அதிகாரிகள் தூக்கி நிறுத்திக் கோட்டைத் தாண்ட வைத்து, அதனாலேயே தகுதி இழந்தார். கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு அரச குடும்பத்தைத் திட்டாத மாரத்தான் ஓட்டக்காரர் இருக்க முடியாது. நான் திட்டினேன்.

சரி, பாதித் தூரம் தாண்டிய பிறகு திடீரென்று ஓடவே முடியாமல் போவதை "சுவர்" என்று ஓட்டக்காரர்கள் பயமுறுத்துவார்களே, அதற்கு வருகிறேன். அது மன உறுதி சம்பந்தப்பட்ட சமாச்சாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அது எரிபொருள் கணக்கு. தோராயமாக ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கலோரி செலவாகும். 70 கிலோ ஆளுக்கு முழுத் தூரத்துக்கும் 2,900 கலோரிக்கு மேல். தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்திருக்கிற மாவுச்சத்து, அதாவது கிளைகோஜன், ஏறக்குறைய 2,000 கலோரிக்குத்தான் வரும். மிச்சத்துக்குக் கொழுப்பு இருக்கிறது, ஏராளமாகவே இருக்கிறது, ஆனால் அதை எரிப்பது மெதுவான வேலை. வேகம் கூடக் கூட உடம்பு கிளைகோஜனைத்தான் அதிகம் கேட்கும். ஆகவே முதல் 10 கிலோமீட்டரில் நீங்கள் காட்டுகிற வீரத்துக்கு 30, 32இல் பில் வரும். கால் இருக்கும், ஓடாது. வழியில் சர்க்கரை ஜெல்லோ வேறு இனிப்போ மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து சேருகிற மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டும், அதையும் நீண்ட ஓட்டங்களில் சாப்பிட்டுப் பழகியிருக்க வேண்டும். நான் முதல்முறை ஜெல் சாப்பிட்டது ஒரு 24 கிலோமீட்டர் ஓட்டத்தில், அடுத்த 20 நிமிடம் என் கவனம் முழுக்கக் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதில்தான் இருந்தது. பந்தய நாளில் அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே விரும்பவில்லை.

மெதுவாக ஓடுவதிலும் ஒரு ஆபத்து உண்டு, அதை மறைத்துவிட்டுப் போனால் தப்பு. அதிக நேரம் சாலையில் இருப்பவர்கள் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று குடிப்பார்கள். உடம்பு வெளியேற்றுவதைவிட அதிகமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும், முற்றினால் உயிருக்கே ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்கள், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்தவர்கள் ஆகியோரிடம்தான் அது அதிகம். தாகம் எடுத்தால் குடியுங்கள். மேசை வந்துவிட்டது என்பதற்காகக் குடிக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் பற்றி எல்லோரும் 32 கிலோமீட்டர், 32 கிலோமீட்டர் என்று மந்திரம் மாதிரி சொல்கிறார்கள். 20 மைல் என்ற முழு எண்ணிலிருந்து வந்தது அது. வேகமான ஆள் அதை மூன்று மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார். எனக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அடுத்த நான்கு நாள் படி இறங்க முடியாது, அந்த வாரப் பயிற்சி அப்படியே போகும். அதனால் நான் 29இல் நிறுத்திக்கொண்டேன், அதுவும் ஒரே ஒருமுறை. வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டம், மூன்று வாரம் தூரத்தை ஏற்றி நான்காவது வாரம் குறைப்பது. குறைக்கிற வாரத்தைத் தாண்டிக் குதிக்கத் தோன்றும், வேண்டாம்.

நடப்பது பற்றி. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே, ஓட்டமும் நடையும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிற முறையைப் பல வருடம் பரப்பியவர். களைத்த பிறகு நடப்பது வேறு, முதல் கிலோமீட்டரிலிருந்தே திட்டமிட்டு நடப்பது வேறு. நான்கு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடப்பது என்று வைத்துக்கொண்டேன், முதலிலிருந்து கடைசி வரை. "அப்ப அது ஓடினதுன்னு சொல்ல முடியாதே" என்று உறவினர் ஒருவர் சொன்னார். அவர் சோபாவில் இருந்தார்.

ஷூ: பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும், விலையையும் நிறத்தையும் விடுங்கள், பந்தயத்தன்று புதுசு போடாதீர்கள். உரசல் விஷயத்தை யாரும் சொல்லித் தரமாட்டார்கள், வெட்கம். தொடை இடுக்கு, அக்குள், ஆண்களுக்கு மார்புக் காம்பு, எல்லாவற்றிலும் வாஸ்லின் தாராளமாக. தடவாமல் 18 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து ஷவருக்கு அடியில் நின்றேன், முதல் சொட்டு பட்டதும் நான் போட்ட சத்தத்தில் வீட்டில் கதவைத் தட்டிவிட்டார்கள்.

கடைசி மூன்று வாரம் டேப்பர், தூரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். இதில்தான் பைத்தியம் பிடிக்கும். சும்மா இருக்கிற காலில் இல்லாத வலியெல்லாம் வரும். ஒரு நாள் இடது குதிகால், மறுநாள் வலது இடுப்பு. பந்தயம் முடிந்த பிறகு யோசித்தால் ஒன்றுகூட உண்மை இல்லை.

பந்தய நாளில் இவ்வளவு படித்த நானே, நான்காவது நிமிடத்தில் நடக்க மறந்து, முதல் கிலோமீட்டரை 6:20இல் ஓடிவிட்டேன். கூட்டம், பாட்டு, பக்கத்தில் ஓடுகிறவரின் மூச்சு, ஆள் தன்னாலேயே இழுபடுகிறது. வாட்சைப் பார்த்து, "டேய்" என்று வாய்விட்டுச் சொல்லி, உடனே நடந்தேன். பந்தயம் தொடங்கி ஆறரை நிமிடத்தில் நடந்துகொண்டிருந்த ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும். முதல் பாதி 2 மணி 42 நிமிடம், இரண்டாம் பாதி 2:56. மொத்தம் 5 மணி 38 நிமிடம். 36ஆவது கிலோமீட்டரில் அழுகை வந்தது, ஏன் என்று இன்றைக்கும் தெரியவில்லை, வலிகூடப் பெரிதாக இல்லை. வலது பெருவிரல் நகம் கறுத்து இரண்டு மாதம் கழித்து விழுந்தது. எலும்பு ஒன்றும் சொல்லவில்லை.

இதையெல்லாம் தம்பியிடம் ஒரு டீ நேரத்தில் சொன்னேன், முகத்தில் பெரிய நம்பிக்கை தெரியவில்லை. நேற்று இரவு செயலியில் அவனுடைய ஓட்டம் வந்தது. 7 கிலோமீட்டர், 7:25 வேகம், கோடு முழுக்கப் பச்சை. கீழே ஒரு கைதட்டல்கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் செய்தி அனுப்பினான்: "அண்ணே, ரொம்ப போர் அடிக்குது."

அடிக்கட்டும் என்று பதில் போட்டேன்.