போடியார் வீடு எண்டு சொல்றம், உறுதியில ஆர்ட பேர் இரிக்கு?

போன கிழமை மட்டக்களப்புக் களுவாஞ்சிகுடியில எங்கட அம்மம்மாட வீட்டுக் கூரையப் பிரிச்சாச்சு. நானும் நிண்டுதான் ஓடு இறக்கினன். ஓட்டுக்கு அடிப்பக்கம் புழுதியத் துடைச்சா ஃபெரோக் எண்டு ஆங்கில எழுத்துல அச்சு விழுந்திரிக்கு, அது கேரளத்துக் கள்ளிக்கோட்டைக்குப் பக்கத்து ஊர், ஓட்டுக் கம்பனிகள் இரிந்த இடம். சின்னனில இருந்து கள்ளிக்கோட்டை ஓடு எண்டு சொல்லிச் சொல்லியே வளந்த எனக்கு, அது கடலுக்கு அங்கால இரிக்கிற ஒரு ஊர்ட பேர் எண்டு அண்டைக்குத்தான் உறைச்சது. மங்களூரில பாசல் மிஷன்காரர் 1865ல ஓட்டு ஆலை தொடங்கினதோட இந்த வகை ஓடு மேற்குக் கரை முழுக்கப் பரவி, மறுகா கப்பல் ஏறி நம்மட முகட்டுக்கு வந்திரிக்கு.

கூரையத் தாங்கின தீராந்தி எல்லாம் முதிரை, நல்ல வைர மரம். தட்டிப் பாத்த வேலைக்கார பாஸ் கொஞ்ச நேரம் கதைக்கவே இல்ல.

பெட்டகத்துக்க பழைய உறுதிக் கட்டும், அதான் வீடு வளவுப் பத்திரங்கள், கிடந்தது. எங்கட பூட்டன் போடியார், எண்டா வயல் நிறைய வச்சிருந்த பெரிய காணிக்காரர்; ஊர்ல எல்லாரும் அவர்ட பேரச் சொல்லி போடியார் வீடு எண்டுதான் சொல்லுவாங்க, ஆனா உறுதிய விரிச்சா ஒரு ஆம்பிளைட பேரும் வீட்டுக்காரரா இல்ல. பூட்டி, பிறகு அம்மம்மா, பிறகு பெரியம்மா. நம்மட பக்கம் தமிழாக்களுக்கும் சரி முஸ்லிமாக்களுக்கும் சரி வீடு பொண்ணுக்குத்தானே, மூத்தவள் கலியாணம் முடிச்சா வீட்ட சீதனமா எழுதிக் குடுத்திட்டு தாய் தகப்பன் அதே வளவுக்க இன்னொரு வீடு போட்டு ஒதுங்கிருவாங்க, மாப்பிள்ளைதான் பொண் வீட்டுக்கு வாறவர். அப்ப இந்த வீடுகள்ட சரித்திரம் பொண்டுகள்ட சரித்திரம். நாம அத ஒருநாளும் அப்பிடிச் சொன்னதில்ல. கட்டின காசு நெல்லுக் காசு, அந்த நெல்லு போடியார்ட வயல்ல வேலை செஞ்ச முல்லைக்காரர்ட உழைப்பு, அதையும் சேத்துத்தான் எழுத வேணும், போடியார்ட பெருமை மட்டும் பேசினா அது பாதிக் கதை.

எனக்கு வயிறெரியிறது இதுக்குத்தான். மட்டக்களப்புல பழைய கட்டடம் எண்டு கேட்டா எல்லாரும் புளியந்தீவுக் கோட்டையக் காட்டுறம். 1628ல போர்த்துக்கேயர் கட்டினது, 1638ல ஒல்லாந்தர் பிடிச்சது, ரெண்டு பக்கம் வாவி ரெண்டு பக்கம் அகழி, வாசல்ல ஒல்லாந்துக் கம்பனிட முத்திரை. அது நிக்க வேணும், நான் இல்லையெண்டல்ல. அம்பாறை டவுனும் 1949ல தொடங்கின கல்லோயாத் திட்டத்தோட வளந்தது, அணையக் கட்டினது மொறிசன் நட்சன் எண்ட அமெரிக்கக் கம்பனி, அது எல்லாம் புத்தகத்துல இரிக்கு. கம்பனிக்கு கணக்கு எழுத ஆள் இரிந்தது. நம்மட வீட்டுக்கு அந்த உறுதிக் கட்டு மட்டும்தான், அதையும் கறையான் அரிக்குது.

சட்டமும் கைகுடுக்கிறது குறைவு. 1940ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துல 1815 மார்ச் 2க்கு முந்தின கட்டடம்தான் புராதனச் சின்னம். பிந்தினத தனியா அறிவிச்சாத்தான் பாதுகாப்பு. கள்ளிக்கோட்டை ஓடு போட்ட வீடெல்லாம் அந்தத் திகதிக்கு இஞ்சால வந்ததுதானே. 1978 நவம்பர் 23 சூறாவளிக்கு ஓடு பறந்தும் சுவர் நிண்ட வீடுகள், இப்ப தட்டுப் போட்ட வீடு கட்டவெண்டு நாமளே இடிக்கிறம். பெரியம்மாவ நான் பிழை சொல்லமாட்டன். மூண்டு பொம்பிளப் பிள்ளைகள், ஒரு வீடு, மழைக்கு குசினி முழுக்க ஒழுக்கு, வேற என்ன செய்யிற?

ஆனா இடிக்கிறதுக்கு முதல் ரெண்டு நாள் பொறுக்கலாம். அறை அறையா போட்டோ எடுங்க, டேப் பிடிச்சு அளவெடுங்க, உறுதிய ஸ்கேன் பண்ணுங்க, வீட்டுல மூத்த பொம்பிள ஆரும் இரிந்தா ஃபோன ரெக்கோர்டிங்கில போட்டுட்டு இந்த அறையில ஆர் பிறந்த, இந்த விறாந்தையில எந்தக் கலியாணம் நடந்த எண்டு கேளுங்க. நான் அம்மம்மா இரிக்கக்குள்ள கேக்கல்ல.

எங்கட தெருவில இன்னும் ரெண்டு வீடு நிக்குது. ஒண்டுக்கு வாற மாசம் ஓடு கழட்டப் போறாங்களாம், வீட்டுக்கார அக்காட்ட கேட்டன், வந்து அளந்துகொண்டு போ எண்டு சொல்லிட்டா. ஞாயிற்றுக்கிழமை காலமை போறன். டேப்புட மற்றப் பக்கம் பிடிக்க ஒரு ஆள் வேணும், ஆராவது வாறதெண்டா இன்பொக்ஸ் பண்ணுங்க.