தரவுத்தளச் செமினாரில் 1979க்கும் ஓர் இடம் வேண்டும்

முதுகலை மாணவர்களுக்கான தரவுத்தள ஆய்வுச் செமினார் ஒன்றில் இந்தப் பருவம் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். கடந்த ஐந்தாண்டுகளில் வெளிவந்த கட்டுரைகளை மட்டுமே எடுக்கலாம் என்பது அங்கே விதி. ஒருவர் ஸ்லைடு போட்டு விளக்குவார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். மற்ற ஏற்பாடுகளில் குறையில்லை, அந்த விதியில்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஒரு வினவலுக்கு, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விக்கு, எத்தனை வரிசைகள் விடையாக வரும் என்பதை இயந்திரக் கற்றலைக் கொண்டு கணிக்கும் கட்டுரை வந்த வாரத்தில், அந்த நியூரல் நெட்வொர்க்கின் அமைப்பைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினோம். பழைய கணிப்புமுறை எங்கே சறுக்கியது என்று ஒருவரும் கேட்கவில்லை (நானும்தான்). அதற்கான விடை, ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம் ஆர் என்ற தரவுத்தள ஆய்வுத் திட்டத்திலிருந்து பட்ரீசியா செலிங்கரும் சகாக்களும் 1979இல் எழுதிய கட்டுரையிலேயே இருக்கிறது. தேடலை விரைவாக்கும் துணைக் கட்டமைப்பான இண்டெக்ஸ் இல்லாத நெடுவரிசையில் ஒரு மதிப்பைத் தேடினால் பத்தில் ஒரு பங்கு வரிசைகள் தேறும் என்று அது வைத்துக்கொள்கிறது. இரண்டு நிபந்தனைகள் சேர்ந்து வந்தால் இரண்டு பின்னங்களையும் பெருக்கிவிடுகிறது. நிபந்தனைகளுக்குள் தொடர்பே கிடையாது என்று நம்பினால்தான் அப்படிப் பெருக்க முடியும். நகரம் பாரிஸ், நாடு பிரான்ஸ் என்று கேட்டால் இரண்டாவது நிபந்தனை ஏறத்தாழ யாரையும் விலக்காது என்பது நமக்குத் தெரியும், வினவலை ஓட்டும் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் ஆப்டிமைசருக்குத் தெரியாது.

இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை விக்டர் லைஸும் சக ஆய்வாளர்களும் 2015இல் சோதித்துக் காட்டினார்கள். ஐஎம்டிபி திரைப்படத் தரவின்மீது 113 வினவல்களை எழுதி, போஸ்ட்கிரெஸ் உள்ளிட்ட சில தரவுத்தள அமைப்புகளின் கணிப்புகளை உண்மையான எண்ணிக்கையோடு ஒப்பிட்டபோது, அட்டவணைகளை இணைக்கும் ஜாயின்கள் கூடக் கூடப் பிழையும் பெருகியது. செலவைக் கணக்கிடும் சூத்திரத்தில் உள்ள குறைகளைவிட இந்த எண்ணிக்கைப் பிழையே ஆப்டிமைசரின் திட்டங்களை அதிகம் கெடுக்கிறது என்பதும் அதில் தெரிந்தது. செயற்கையாக, சீராகப் பரவிய தரவை உற்பத்தி செய்யும் டிபிசி-எச் போன்ற பெஞ்ச்மார்க் சோதனைத் தொகுப்பில் இந்தப் பிழைகள் பெரும்பாலும் தலைகாட்டுவதே இல்லை. ஆகவே புதிய கட்டுரை எதுவானாலும், அதன் வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன்பு எந்தத் தரவில் ஓட்டினார்கள் என்று பார்க்க வேண்டும். ஐந்தாண்டு விதி அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றையே வெளியே நிறுத்திவிடுகிறது.

ஒரு பதிவு எங்கே இருக்கும் என்பதை இயந்திரக் கற்றலால் கணிக்கும் கற்றறியும் இண்டெக்ஸ்களைப் படித்த வாரத்திலும் இதே கதைதான். 2018இல் டிம் கிராஸ்காவும் சகாக்களும் அந்தக் கருத்தை முன்வைத்தபோது, பெரும்பாலும் மாறாத தரவில் தேடுவதையே முதன்மையாகக் காட்டினார்கள். புதிய பதிவுகளைச் செருகுவதையும் கையாளும் அலெக்ஸ் போன்ற கற்றறியும் இண்டெக்ஸ்கள் அதன் பிறகே வந்தன. வழக்கமான இண்டெக்ஸ் அமைப்பான பி-ட்ரீ ஐம்பது ஆண்டுகளாக நிலைத்திருப்பதற்குச் செருகலையும் நீக்கலையும் அது சமாளிக்கும் விதமே முக்கியக் காரணம் என்பதை அறியாத மாணவருக்கு அந்த இடைவெளி கண்ணில் படாது.

அடுத்த பருவத்தில் கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கி, ஒவ்வொரு புதிய கட்டுரையோடும் அது எதிர்த்து வாதிடும் பழைய கட்டுரையையும் சேர்த்துக் கொடுக்கும்படி பேராசிரியரிடம் கேட்டிருக்கிறேன். மதிப்பெண்ணில் பாதியை ஸ்லைடுக்குப் பதிலாக ஒரு சோதனையைத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதற்கு ஒதுக்கலாம். அந்த 113 வினவல்கள் இணையத்தில் கிடைக்கின்றன, போஸ்ட்கிரெஸ் இலவசம், ஒரு மடிக்கணினியே போதும்.