அந்த மார்க் உங்களுக்காகப் போட்டது இல்லை

நம் போட்டோகிராபிக் குழுவின் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது இங்கே இருக்கிற பாதிப் பேருக்கு நேரிலேயே தெரியும். மீதிப் பேருக்கு அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும். அதனால் முழுக் கதையையும் எழுதப் போவதில்லை. ஒரு பத்திரிகை கேமராக்களுக்கு மார்க் போட்ட லிஸ்ட்டை வைத்துக்கொண்டு ஒரு சார் ஒரு டீச்சரின் கேமராவைக் கேலி செய்தார், அவ்வளவுதான். டீச்சர் பெயரும் வேண்டாம், பத்திரிகையை விரித்து வைத்து வாசித்த சார் பெயரும் வேண்டாம். பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று ஒரு தம்பி போன் செய்து, "அண்ணே, அந்த லிஸ்ட்ல முதல் அஞ்சு இடத்துல இருக்கத மட்டும் பாத்தா போதும்லா?" என்று கேட்டான். அதற்கப்புறம் சும்மா இருக்க முடியவில்லை.

சொல்ல வேண்டியது ஒன்றுதான். பத்திரிகையில் ஒரு கேமராவுக்குப் போடும் மொத்த மார்க் உங்களுக்காகப் போட்டது இல்லை. அளந்து சொன்னதை நம்புங்கள். குறை என்று எழுதியிருப்பதை நம்புங்கள். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி ஒரு எண் போடுகிறார்களே, அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷியை நாலு பேர் நடுவில் சிரிப்புக்கு ஆளாக்காதீர்கள்.

"மேடம், உங்க கேமரா இந்த லிஸ்ட்லயே இல்லையே!"

சார் இதைச் சொன்னதும் ஹாலில் ஒரு சிரிப்பு எழுந்தது. நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். அந்தப் பக்கத்தை நானும் பார்த்தேன். டீச்சர் கையில் இருந்தது கேனன் 1500டி. இங்கே அந்தப் பெயர். ஐரோப்பாவில் அதே கேமரா 2000டி. அமெரிக்காவில் ரெபெல் டி7. சார் கொண்டுவந்தது வெளிநாட்டுப் பத்திரிகை. அந்த வெளிநாட்டுப் பெயர்களில் ஒன்று அட்டவணையின் கீழ்ப்பாதியில் அழகாக அச்சாகி இருந்தது. பெட்டியின் மேல் என்ன ஒட்டியிருக்கிறது என்பதே தெரியாமல்தான் சார் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சுட்டிக் காட்டினேன். "இருந்தாலும் கீழதானே இருக்கு" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

சரி, கீழே இருக்கிறது. ஏன் கீழே இருக்கிறது?

4கே வீடியோ இல்லை. பின்பக்கத் திரை திரும்பாது. வ்யூஃபைண்டர் வழியாகப் பார்க்கும்போது ஃபோகஸ் புள்ளி ஒன்பதுதான். நொடிக்கு மூன்று படம். எல்லாம் உண்மை, ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் இதையெல்லாம் யாருக்காகக் கூட்டிக் கழித்தார்கள்? வீட்டுக்கு ஒரே ஒரு கேமரா வாங்கி, பிறந்தநாள் கேக் வெட்டுவதை எடுத்து, பிள்ளை ஓடுவதை வீடியோ பிடித்து, தன்னையும் சேர்த்து செல்ஃபி எடுத்துக்கொள்ளும் ஒரு சராசரிக் குடும்பத்துக்காக. அந்தக் குடும்பத்துக்கு அந்த அட்டவணை சரியாகவே இருக்கலாம். டீச்சர் விடியற்காலையில் தேரூர் குளத்துக் கரையில் உட்கார்ந்து கூழைக்கடாவை எடுக்கிறார். அவருக்கு செல்ஃபித் திரை எதற்கு? 4கே எதற்கு? அவருக்கு வேண்டியது வெயில் ஏறிய பிறகும் கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்க ஒரு வ்யூஃபைண்டர், தோள் வலிக்காத எடை, குறைந்த காசுக்கு நீள லென்ஸ். கேனனின் ஈஎஃப் மவுண்ட், அதாவது லென்ஸ் மாட்டுகிற வாய், 1987-ல் வந்தது. அன்றுமுதல் வந்த ஈஎஃப் லென்ஸெல்லாம் 1500டி-யில் மாட்டும். பழைய லென்ஸ் சந்தையில் அது எவ்வளவு பெரிய வசதி! அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம் கூடக் கிடையாது. பறக்கும் ஆலாவைத் துரத்த ஒன்பது புள்ளி திணறும், அது வாஸ்தவம். ஆனால் அதை அவரே சொல்கிறார், பத்திரிகை சொல்லித் தெரிய வேண்டியது இல்லை.

அந்த மொத்த மார்க் அவருக்காகப் போட்டது இல்லை. இன்னும் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனிகளும் பத்திரிகைகளும் பெரும்பாலும் அச்சடிப்பது சிபா என்ற ஜப்பானியக் கேமரா சங்கத்தின் கணக்கை. 30 நொடிக்கு ஒரு படம், ஒன்று விட்டு ஒன்றுக்கு ஃப்ளாஷ், பத்துப் படத்துக்கு ஒரு தடவை அணைத்துத் திரும்பப் போடுவது. எல்லாக் கேமராவையும் ஒரே தராசில் நிறுத்த அது நல்ல முறைதான். 1500டி-க்கு அதில் 500 படம் என்று வருகிறது. ஆனால் குளக்கரையில் யாராவது பறவைக்கு ஃப்ளாஷ் அடிப்பார்களா? அடிக்காமல் எடுத்தால் அதைவிட நிறையவே வரும். எண் பொய் இல்லை. அது கேட்ட கேள்வி வேறு, நம் கேள்வி வேறு.

இன்னொரு எண் இருக்கிறது, நம் பையன்கள் மந்திரம் போலச் சொல்லும் டிஎக்ஸ்ஓ மார்க். கேமராக்களைச் சோதிக்கிற ஒரு நிறுவனம் போடும் எண் அது. நிறம், வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே எவ்வளவு தாங்கும், மங்கல் ஒளியில் எப்படி என்று சென்சரை, அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லை, மூன்று விதமாக அளந்து ஒரே எண்ணாக்குவார்கள். அது சென்சருக்கு மட்டும். ஃபோகஸ் வேகம், கைப்பிடி, பட்டன் எதற்கும் அதில் இடம் இல்லை. அவர்கள் கணக்கிலேயே 15 புள்ளி வித்தியாசம் இருந்தால்தான் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தில் இரண்டு மடங்கு. 5 புள்ளி என்றால் மூன்றில் ஒரு ஸ்டாப். கேமராவில் ஒரு கிளிக் நகர்த்தினால் போச்சு. இரண்டு புள்ளிக்காக டீக்கடையில் கழுத்துப் பட்டையைப் பிடிக்கும் அளவுக்குச் சண்டை போடுகிற ஆட்களை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

இங்கே ஒருவர் வருவார், எனக்குத் தெரியும். "அந்தப் பத்திரிகைகள் விளம்பரம் வாங்காது, கடையில் காசு கொடுத்து வாங்கித்தான் சோதிக்கும், அதையே நம்பக்கூடாது என்றால் எதைத்தான் நம்புவது?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 1936-லிருந்து நடக்கிறது. இங்கிலாந்தின் விச் 1957. ஜெர்மனியில் ஷ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட் 1964. கம்பெனி அனுப்பும் பொறுக்கியெடுத்த பீஸைத் தொடாமல், நம்மைப் போலக் கடையில் வாங்கிச் சோதிக்கிறவர்கள். அவர்கள் நாணயத்தை நான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் நாணயமான ஜோசியர் பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று எழுதிக் கொடுத்தாலும், வாழப் போவது அவர் இல்லை.

அதைவிட ஒன்று சொல்கிறேன். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் சந்தாதாரர்களிடமே பொருள் எப்போது பழுதானது என்று கேட்டு வாங்கும் கணக்கு ஒன்று உண்டு. ஆய்வகத்தில் வராத விஷயம் அதில் வரும். நம் ஆட்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, நேரே நட்சத்திர மார்க்குக்குத்தான் போகிறார்கள்.

எங்கள் மாமாவுக்குத் தக்கலையில் ஸ்டூடியோ இருந்தது. யாஷிகா ஃபிலிம் கேமரா காலத்து ஆள். ஒரு பத்திரிகை வாங்கி நான் பார்த்ததில்லை. புதுக் கேமரா வாங்க வேண்டும் என்றால் பஸ் ஏறித் திருவனந்தபுரத்தில் ஒரு ரிப்பேர்க்காரரிடம் போவார். எது நல்ல கேமரா என்று கேட்கமாட்டார். "இப்போ ஒம்மகிட்ட எது அதிகமா வருது?" என்பார். அந்த மனிதர் வாயைத் திறக்காமல் அலமாரியைக் கை காட்டுவார். பின்மூடி கழற்றி, ஸ்க்ரூக்களைச் சின்னத் தகர மூடியில் போட்டு, பெயர்ச் சீட்டு கட்டி வரிசையாக வைத்திருக்கும். எந்த மாடல் அங்கே நிறைய உட்கார்ந்திருக்கிறதோ அதை மாமா வாங்க மாட்டார். கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்துக்கு ஷட்டர் நிற்கக்கூடாது, அவ்வளவுதான் அவர் கேள்வி. அவருக்குத் தன் கேள்வி என்ன என்று தெரிந்திருந்தது.

நம் ஊர்க் கேள்வியை எந்த வெளிநாட்டுப் பத்திரிகை கேட்கும்? நமக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்கு மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ஒரு பக்கம் மலை, மூன்று பக்கம் உப்புக்காற்று. அரிசி டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு லென்ஸைப் பாதுகாக்கிற வீடுகள் இங்கே எத்தனை! உள்கண்ணாடியில் சிலந்தி நூல் கணக்காகப் பூஞ்சை ஓடினால் அந்த லென்ஸின் கூர்மைக்குப் போட்ட ஐந்து நட்சத்திரமும் போச்சு. எனக்கே நடந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். புகழ்ந்து தள்ளியிருந்த ஒரு சின்னக் கேமரா. முட்டம் பாறையில் அலை தெறிக்கிற தூரத்தில்கூட நிற்கவில்லை, வெறும் காற்றுதான். ஆடி முடிவதற்குள் லென்ஸ் வெளியே வந்தது வந்தபடி நின்றுவிட்டது. சர்வீஸ் சென்டரில் ஒரு பையன் லென்ஸைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "கடற்கரைக்குக் கொண்டு போனீங்களா சார்? அப்போ வாரண்டி வராது" என்றான். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரனைப் பார்த்து!

கன்னியாகுமரி கடற்கரையில் காலையில் போய்ப் பாருங்கள். 133 அடி வள்ளுவர் சிலையை உங்கள் உள்ளங்கையில் நிற்கவைத்துப் படம் எடுத்து, அங்கேயே பிரிண்ட் போட்டுத் தருகிற அண்ணன்மார் நிற்பார்கள். ஒருவருடைய கேமராவை வாங்கிப் பார்த்தேன். கைப்பிடி ரப்பர் உப்பிப் பிரிந்திருக்கிறது. பசை போட்டு ஒட்டி, அதுவும் பிரிந்து, கடைசியில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருக்கிறார். டயலில் ஒரு எழுத்து மிச்சம் இல்லை, விரல் கணக்கில்தான் திருப்புகிறார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நல்ல தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த தோர்த்துத் துண்டால் ஒரு தடவை துடைக்கிறார், பிறகு காய்ந்த துணியால் இன்னொரு தடவை. முதலிலேயே காய்ந்த துணி போட்டால் உப்புத் துகள் கீறிவிடுமாம். எனக்கு இதை எந்தப் பத்திரிகையும் சொல்லித் தரவில்லை. அவருடைய கேமராவும் அந்த அட்டவணையில் இல்லை, அதன் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அதுதான் அவர் வீட்டில் அடுப்பு எரிய வைக்கிறது.

"அப்போ ரிவ்யூவே வேண்டாம் என்கிறீர்களா?" இல்லை ஐயா, இல்லை. மேலே எழுதியதைத் திரும்பப் படியுங்கள்.

"புதுசாக வாங்குகிறவன் என்ன செய்வான்?" இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். எண்ணை மறைத்துவிட்டு எழுத்தைப் படியுங்கள். நீங்கள் எடுக்கப் போவது என்ன என்று ஒரு வரியில் எழுதிவைத்துக்கொண்டு, அந்த வரிக்குச் சம்பந்தமான குறைகளை மட்டும் அடிக்கோடு போடுங்கள். அப்புறம் யாரிடமாவது ஒரு காலைப்பொழுது இரவல் வாங்கிக் கையில் பிடித்துப் பாருங்கள். வந்த உடனே வாங்காதீர்கள். 2012-ல் நிக்கான் டி600 வந்தது. டிஎக்ஸ்ஓ மார்க் சென்சருக்கு 94 கொடுத்தது. அன்றைக்கு அது கொண்டாட்டமான எண். படம் எடுக்க எடுக்க சென்சரில் அழுக்குப் புள்ளி விழுகிறது என்று வாங்கியவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருஷமே டி610 வந்துவிட்டது. 2014-ல் அந்தப் புள்ளிப் பிரச்சினைக்காக, வாரண்டி முடிந்தவர்களுக்கும் ஷட்டரை இலவசமாக மாற்றித் தருவதாக நிக்கான் அறிவிக்க வேண்டி வந்தது. 94 பொய்யா? இல்லை. சென்சர் நல்ல சென்சர்தான். பெட்டியிலிருந்து எடுத்த புதுக் கேமராவை அளந்தால் அந்த அழுக்கு எப்படித் தெரியும்?

யூடியூப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

"நீ பழைய கேமரா வைத்திருக்கிறாய், அதனால்தான் இப்படிப் பேசுகிறாய்." இதையும் ஒருவர் சொல்லியாகிவிட்டது, என் முகத்துக்கு நேராக இல்லை, வழக்கம்போல. ஆமாம், வைத்திருக்கிறேன். பத்து ரூபாய் கூடுதலாகச் செலவழித்துவிட்டால் பறவைக்கு நம்மைப் பிடித்துவிடுமா? சுசீந்திரம் தேரூர் நீர்நிலைக்கு 2022-ல் ராம்சர் அங்கீகாரம், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற பெயர், வந்ததே, அன்று நாம் எல்லாம் பெருமையாகப் பதிவு போட்டோமே, அதற்கு முன்னும் பின்னும் அந்தக் கரையில் வாரம் தவறாமல் நின்றது யார்? மணக்குடிக் கழிமுகத்தில் அலையாத்திப் பக்கம் முழங்கால் சேற்றில் இறங்கியது யார்? ஹாலில் சிரித்தவர்களில் அங்கே நான் பார்த்தது ஒருவரையோ இருவரையோதான். டீச்சரின் படத்தைத் திரையில் போட்டபோது ஒருவர்கூடப் படத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. "என்ன கேமரா பாடி?" என்பதுதான் முதல் கேள்வி. புத்தளம் உப்பளத்தில் பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு நிற்கிற படம் அது. ஒன்று மட்டும் தலை நிமிர்ந்து நம்மைப் பார்க்கும். அந்த ஒன்றின் அலகு நுனியில் ஒரு சொட்டு நீர். அதைக் கேட்க ஆள் இல்லை.

கல்யாண வீட்டுக்கு வேலைக்குப் போகும் நம் பையன்களைக் கேளுங்கள், இந்தக் கூட்டத்துக்கு ஏன் வருவதில்லை என்று. கடைசி வரிசையில் உட்காரவைத்து, மைக் கொடுக்காமல், "தொழில்காரங்க வேற, நாம வேற" என்று சொன்னால் எவன் வருவான்? பத்திரிகை மார்க் இப்போது ஒரு சாக்கு. அது இல்லாவிட்டால் வேறு எதையாவது கொண்டுவந்திருப்பார்கள். சார்மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை என்று எழுத வந்தேன், எழுத வரவில்லை.

கமெண்ட்டில் சென்சர் சைஸ் பற்றிப் பாடம் எடுக்க வருகிறவர்கள் தாராளமாக எடுக்கலாம், இன்று பதில் சொல்ல மாட்டேன்.

மக்கா, யாரிடமாவது கேனன் 55-250 லென்ஸ் பழையது விற்பனைக்கு இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். டீச்சருடையதில் ஃபோகஸ் மோட்டார் முனகுகிறது. நாகர்கோவில், கொட்டாரம், அஞ்சுகிராமம் பக்கம் என்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, உள்ளே பூஞ்சை இல்லை என்று தெரிகிற மாதிரி ஒரு வீடியோ சேர்த்து அனுப்புங்கள்.